பூசை அறைப் புட்டி

என் ஐம்பத்து மூன்று வருட வாழ்க்கையில் நான் மூன்று பேருக்கு மது ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். ஒருவர் என் கணவர். இன்னொருவர் என் மகளைப் பெண் பார்க்க வந்த பெரியவர். மூன்றாமவர் அந்தப் பெரியவரின் மனைவி. மூவருக்கும் பூசை அறையிலிருந்து எடுத்துவந்து, வெள்ளிக் கிண்ணத்தில் ஊற்றி, "கிழக்கே பாத்துக் குடிங்க" என்று சொல்லிக் கொடுத்தேன். அந்தப் பெரியவர், தங்கள் ஊர் மதுக்கடையை அகற்றச் சொல்லி நாற்பது நாள் பந்தலில் உட்கார்ந்து அகற்றியும் காட்டியவர்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் காரைக்குடியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் ஆசிரியை. நொதித்தல் பாடம் நடத்துவதும் நான்தான். ஈஸ்ட் சர்க்கரையை என்ன செய்யும் என்று ஐந்து மதிப்பெண் கேள்வி கேட்டு, படம் வரையாதவர்களுக்கு ஒரு மதிப்பெண் குறைப்பவள். (பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட நானே சொல்லிவிடுவது மேல்.)

இதெல்லாம் நடந்து நான்கு வருடம் ஆகிறது.

என் மகள் உமையாள் இரண்டு வருடம் ஐரோப்பாவில் மேற்படிப்பு படித்துவிட்டுத் திரும்பியபோது, அவள் பெட்டியில் கம்பளிச் சட்டைக்குள் சுற்றி வைத்த ஒரு சதுரப் புட்டி இருந்தது. கரும்பச்சைக் கண்ணாடி. உள்ளே கஷாய நிறத்தில் ஏதோ ஒன்று கெட்டியாக அசைந்தது.

"இது என்னடி?"

ஒரு நொடி தயங்கினாள். "மருந்து மாதிரிம்மா. அங்க மலை மேல ஒரு மடம் இருக்கு. அங்க உள்ள சாமியாருக மூலிகையெல்லாம் ஊற வச்சுச் செய்யிறது. சாப்பிட்டப்புறம் வயித்துக்குக் கொஞ்சம் குடிப்பாக."

அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வார்த்தை. சிநேகிதிக்குக் கொடுக்க வாங்கியதாம். சென்னையில் வேலை கிடைத்து அவசரமாகக் கிளம்பியதில் புட்டியை அலமாரியில் மறந்துவிட்டுப் போய்விட்டாள்.

எங்களுக்கு மடம் என்றால் விபூதியும் தேவாரமும்தான். புட்டியின் மேல் ஒட்டியிருந்த தாளில் தாடி வைத்த ஒருவர் கல்வத்தில் எதையோ அரைத்துக்கொண்டிருந்தார். நம் சித்தர்களுக்கு அங்கி மாட்டிவிட்ட மாதிரி இருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். ஓரமாகச் செடிகளின் தாவரவியல் பெயர்கள். கிளிசிரைசா கிளாப்ரா - நம் அதிமதுரம். ஜிஞ்சிபர் - இஞ்சி. எலெட்டேரியா - ஏலம். கோரியாண்ட்ரம் - மல்லி. ஃபீனிகுலம் - சோம்பு. ஜென்ஷியானாவும் ஆஞ்சலிகாவும் நம் பக்கம் விளையாது, ஆனால் வயிற்றுக்கு நல்ல வேர்கள் என்று படித்திருக்கிறேன். முப்பது வருடப் படிப்பு வீண்போகவில்லை என்று அன்றைக்கு எனக்கு ஒரே பெருமை.

மற்ற எழுத்தெல்லாம் எனக்குத் தெரியாத மொழியில் இருந்தது. தெரியாதது தேவையில்லாதது என்று முடிவு செய்தேன். (பிள்ளைகள் தேர்வில் இதைத்தான் செய்வார்கள்.) மூலையில் 35% என்று போட்டிருந்தது. சாறு முப்பத்தைந்து பங்கு, மிச்சம் தண்ணீர் என்று நானே ஒரு விளக்கம் கொடுத்துக்கொண்டேன். மூடியைத் திறந்தால் குப்பென்று ஒரு நெடி வந்ததா? வந்தது. பேறுகாலத்தில் எனக்குக் கொடுத்த அரிஷ்டத்திலும் அதே நெடி உண்டு. அரிஷ்டம் என்றால் நெடி இருக்கத்தானே செய்யும்?

சாமியார்கள் செய்தது கண்ட இடத்தில் கிடக்கக் கூடாது என்று, பூசை அறையில் விபூதிச் சம்படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

ஒரு மருந்தைச் சோதிக்காமல் அடுத்தவர்களுக்குக் கொடுக்க மாட்டேன். அதனால் முதலில் என் கணவர் மெய்யப்பனுக்குக் கொடுத்தேன். வங்கியிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றவர். இருபது வருடமாக வாயுத் தொல்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொரு கிண்ணம் கொடுத்தேன். இரண்டு நாளும் விளக்கு வைக்கிற நேரம் வரை அசையாமல் தூங்கினார். எழுந்து, "மருந்து நல்லாக் கேக்குது தெய்வானை" என்றார். நான் தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டேன்.

இப்போது பெரியவர் வருகிறார்.

உமையாளும் வயிரவன் என்ற பையனும் அங்கே ஒன்றாகப் படித்தவர்கள். இரண்டு பேருக்கும் மனசு ஒத்துப்போய், பிறகுதான் எங்களிடம் சொன்னார்கள். எங்கள் இனம்தான், கல்லல் பக்கம். எங்களுக்குச் சம்மதம். அவனுடைய தாயார் சிகப்பி ஆச்சிக்கும் சம்மதம். தகப்பனார் சாத்தப்பன் மட்டும், "வீட்டை நேர்ல பாத்துட்டுத்தான் சொல்லுவேன்" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான். வேண்டாம் என்றால் அதற்கு மேல் வயிரவனாலும் ஒன்றும் செய்ய முடியாது, செய்யவும் மாட்டான். "அப்பச்சி மனசு நோக நடக்க என்னால முடியாது" என்று, தகப்பனாரைச் சொல்லி, உமையாளிடம் தெளிவாகச் சொல்லியிருந்தான்.

அவரைப் பற்றி விசாரித்ததில் ஒரு சேதி வந்தது. மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன ஒரு வீட்டில், சன்னலில் காலி விஸ்கிப் புட்டியில் மணி பிளான்ட் வளர்த்திருந்தார்களாம். செடியைப் பார்த்தார், புட்டியைப் பார்த்தார், செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாராம்.

அன்று முதல் எனக்குத் தூக்கம் போயிற்று. ஒரு வாரம் வீடு முழுக்கப் புட்டி வேட்டை. பெயின்ட் அடிக்க வந்தவர் டர்பன்டைன் ஊற்றி வைத்துவிட்டுப் போன பிராந்திப் புட்டியைச் செய்தித்தாளில் சுற்றி இரண்டு தெரு தள்ளிப் போய்ப் போட்டேன். குளிர்சாதனப் பெட்டியில் இருந்த சோடாவையும் எடுத்துவிட்டேன், பார்க்க ஒரு மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டு மாடியில் இருந்த மணி பிளான்ட்டைக்கூட, "ரெண்டு நாளைக்கு உள்ள வச்சுக்கிறீகளா?" என்று கேட்டு அந்த அம்மாளிடம் கெட்ட பெயர் வாங்கினேன். பூசை அறையை மட்டும் சோதிக்கவில்லை. அங்கே என்ன இருந்துவிடப் போகிறது?

அவர்கள் வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டரை மணிக்குக் கார் வந்து நின்றது. வயிரவன் பெற்றோரை இறக்கிவிட்டு, உடன் வந்திருந்த அத்தையை ரயிலேற்றப் போய்விட்டான். உமையாள், கூப்பிடும்வரை வெளியே வரக்கூடாது என்ற என் கட்டளைப்படி மாடியில் இருந்தாள். ஆக, அந்தப் புட்டியை அடையாளம் தெரிந்த இரண்டே பேரும் கூடத்தில் இல்லை.

சாத்தப்பன் அண்ணன் வெள்ளை வேட்டி, மேல்துண்டு, நெற்றி நிறைய விபூதி. முகமெல்லாம் வேர்வை. ஒரு கை வயிற்றின் மேலேயே இருந்தது.

"வாங்கண்ணே, வாங்க ஆச்சி. கொஞ்சம் காபி..."

"இருக்கட்டும் ஆச்சி."

"தண்ணியாவது..."

"அதெல்லாம் அப்புறம் பாக்கலாம்."

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். பெண் பார்க்கப் போன வீட்டில், சம்மதம் என்று வாய் திறந்து சொல்லும்வரை கை நனைக்க மாட்டார்கள். சோறு, பலகாரம், காபி எதுவும் கிடையாது. கண்டிப்பானவர்கள் தண்ணீரைக்கூடத் தொடுவதில்லை. கையை நனைத்தால் முடிவாகிவிட்டது என்று அர்த்தம். அதனால் பெண்ணைப் பெற்றவளின் கண் முழுக்க வந்தவர்களின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு வாய் ஏதாவது உள்ளே போகாதா என்று.

போகவில்லை. அவர் கூடத்தைப் பார்த்தார். சன்னல்களைப் பார்த்தார். என் கணவரிடம் இரண்டு கேள்வி கேட்டார். நடுவில் ஏப்பம் வரப் பார்த்து, வராமல் நின்று, அவர் கண்ணை மூடிக்கொண்டார். இவர் பாதியில் எழுந்து போய்விடுவாரோ என்று எனக்குப் பயம்.

"கீழச்சிவல்பட்டியில ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு வர்றோம் ஆச்சி" என்றார் சிகப்பி ஆச்சி மெதுவாக. "அங்க இவுக ரெண்டு தரம் பால் பணியாரம் வாங்கிட்டாக. மூணாந்தரம் நான் கண்ணைக் காட்டவும்தான் நிறுத்துனாக."

"கூப்பிட்டுக் கூப்பிட்டு வச்சாக. வேண்டாம்னு எந்திரிச்சா மரியாதையா?" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல்.

அப்போது எனக்கு அந்த யோசனை வந்தது. வந்திருக்கக் கூடாது.

"அண்ணே, மருந்து குடிச்சா அது கை நனைக்கிறதுல சேராதுல்ல?"

அவர் கண்ணைத் திறந்து கொஞ்ச நேரம் யோசித்தார். எதையும் யோசித்துத்தான் சொல்வார். "மருந்து மருந்துதான். அது சாப்பாட்டுல சேராது. என்ன மருந்து?"

"மலை மேல ஒரு மடம்ணே. சாமியாருக செஞ்சது."

அவர் எழுந்து நின்றார். மேல்துண்டை எடுத்து, கோயிலில் செய்வதுபோல இடுப்பில் கட்டிக்கொண்டார். நான் பூசை அறையிலிருந்து புட்டியை இரண்டு கையாலும் ஏந்தி வந்தேன். வெள்ளிக் கிண்ணத்தில் இரண்டு அவுன்சு. கிழக்கே காட்டினேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தார்.

குடித்துவிட்டு அசையாமல் நின்றார்.

"முதல்ல அதிமதுரமா இனிக்கிது ஆச்சி" என்றார் மெதுவாக. "அடுத்து ஒரு கசப்பு. வேப்பிலைக் கசப்பில்ல, வேரோட கசப்பு. அப்புறம் ஆரஞ்சுத் தோலைக் கிள்ளுன மாதிரி ஒரு வாசனை. இப்ப உள்ள இறங்கி, ஒரு அடுப்பப் பத்த வச்சுட்டுப் போகுது."

"அடுப்பு பத்துனாத்தானேண்ணே சீரணமாகும்" என்றேன் நான். (இதைச் சொன்னதற்குச் சாட்சி இருக்கிறது. மறுக்க வழியில்லை.)

ஐந்தே நிமிடம். தெருவுக்குக் கேட்கிற மாதிரி ஒரு ஏப்பம் வந்தது. அவர் முகம் மலர்ந்தது. "நகருது" என்றார். அவரே கிண்ணத்தை நீட்டினார். இன்னும் இரண்டு அவுன்சு.

"முழங்கால் வலிக்கு இது கேக்குமா ஆச்சி?" என்றார் சிகப்பி ஆச்சி.

வாத ரோகத்துக்கு இஞ்சி நல்லது என்று ஒரு சிறு விரிவுரை நிகழ்த்தி, அவருக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு கூடம் கலகலப்பாகிவிட்டது. என் கணவரை வந்ததும் 'நீங்க' என்ற சாத்தப்பன் அண்ணன், 'தம்பி' என்றார். பிறகு 'மெய்யப்பா' என்றார். அப்புறம் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, "டேய் மெய்யப்பா, முன்னாடியே உன்னயத் தெரியாமப் போச்சேடா!" என்றார். பந்தலில் நாற்பதாவது நாள் பேசிய பேச்சை எழுந்து நின்று பேசிக் காட்டினார். "ஒரு சொட்டும் நாவில் படாதவன் சொல்கிறேன்!" என்று அவர் கையை உயர்த்திய இடத்தில் நாங்கள் மூவரும் கை தட்டினோம்.

"பொண்ணக் கூப்பிடுங்க. இனிமே என்ன பாக்குறது? எனக்குப் பிடிச்சிருச்சு. வைகாசியில முகூர்த்தம் வச்சுக்குவோம். எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம், பொண்ணு மட்டும் போதும்!"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு வாரமாகத் தூங்காத தூக்கமெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் தீர்ந்தது. உமையாளைக் கூப்பிட்டேன்.

பட்டுச் சேலையில் தலை குனிந்து வந்தாள். விழுந்து கும்பிட்டாள். அவர் காலடியில் இருந்த டீப்பாயின் மேல், அவள் கண்ணுக்கு நேராக, அந்தப் புட்டி. பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. பக்கத்தில் இரண்டு வெள்ளிக் கிண்ணம்.

கும்பிட்டவள் எழுந்திருக்கவில்லை.

"தீர்க்காயுசா இரும்மா. எந்திரி" என்றார். எழுந்திருக்கவில்லை. "என்ன மரியாதை பாத்தியா சிகப்பி! நம்ம மக ஒரு நாளு இப்படிக் கும்பிட்டிருக்கா?"

ஒருவழியாக எழுந்தவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள்.

"அம்மா, அந்தப் பாட்டில் எப்படி வெளியில வந்துச்சு?"

"பூசை அறையிலதான் வச்சிருந்தேன்."

"பூசை அறையிலயா!"

"மருந்துன்னு நீதானடி சொன்ன?"

"மருந்து மாதிரின்னு சொன்னேன். அது மதும்மா. நல்ல சாராயத்துல மூலிகைய ஊற வச்சுச் செய்யிறது. முப்பத்தஞ்சு சதவீதம்."

அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டேன். முதலில் தோன்றியது: அவருக்கு ரத்த அழுத்த மாத்திரை உண்டு. அடுத்தது: காலமெல்லாம் தொடாத உடம்பு, நாலு அவுன்சு. அதற்கு அடுத்தது: நான் ஒருவரைக் கொன்றுவிட்டேன். பள்ளிக்கூடத்தில் என் நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்து நொதித்தல் பாடம் நடத்துவது வரைக்கும் கண்ணில் தெரிந்தது.

உமையாள் என் கையைப் பிடித்தாள். அவள் கை என் கையைவிடச் சில்லிட்டிருந்தது. "இப்ப ஒண்ணும் சொல்லாதம்மா. தூங்கி எந்திரிச்சா சரியாயிரும். மாமா சரின்னு சொல்லிட்டாக. ரெண்டு வருசமா இந்த ஒரு வார்த்தைக்குத்தாம்மா நாங்க ரெண்டு பேரும்..." முடிக்கவில்லை. அழவும் இல்லை. அழுதிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சரி, சொல்லவில்லை என்று தலையாட்டினேன். உண்மையாகவே சொல்வதில்லை என்றுதான் கூடத்துக்குத் திரும்பினேன்.

அங்கே அவர் கிளம்ப ஆயத்தமாக நின்றுகொண்டிருந்தார். கொஞ்சம் முன்னும் பின்னுமாக.

"ஆச்சி, அஞ்சு மணிக்குக் கல்லல்ல கூட்டம். ஸ்டேஷன் ரோட்டுல புதுசா ஒரு சாராயக் கடை வரப் பாக்குது. நான்தான் பேசணும். மிச்ச மருந்தை அப்படியே குடுத்துருங்க. தொண்டைக்கும் நல்லா இருக்கு. மேடையில வச்சுக்கிட்டு, பேச்சுக்கு நடுவுல ஒரு ஒரு மடக்கு..."

எனக்கு அந்த மேடை தெரிந்தது. ஒலிபெருக்கி. மாலை. மேசை மேல் கரும்பச்சைப் புட்டி. ஒரு சொட்டும் நாவில் படாதவன் என்று கையை உயர்த்துகிறார். முன்வரிசையில் யாரோ ஒருவன் கைபேசியில் படமெடுக்கிறான்.

உமையாள் தூணுக்குப் பக்கத்தில் நின்று, வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என் வாய் திறந்திருக்காது.

"அண்ணே, அது மருந்தில்லண்ணே."

"பின்ன?"

சாராயம் என்று சொல்லத்தான் போனேன். பதற்றத்தில் வகுப்பறைக் குரல்தான் வந்தது. "அண்ணே, அதில் எத்தில் ஆல்கஹால் உள்ளது. முப்பத்தைந்து சதவீதம்."

அவர் இடுப்பில் கட்டியிருந்த மேல்துண்டை அவிழ்த்தார். உட்கார்ந்தார்.

"அதான் பாத்தேன்" என்றார் சிகப்பி ஆச்சி. "முழங்காலு இருக்கிற இடமே தெரியல." சொல்லிவிட்டுச் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

நிலைமையைச் சரிசெய்ய என் கணவர் முன்வந்தார். "பயப்படாதீகண்ணே. ரெண்டு வாரமா நானும் இதைத்தான் குடிக்கிறேன். ஒண்ணும் ஆகல." எங்கள் வீட்டு ஒழுக்கத்துக்கு அதைவிட நல்ல நற்சான்று கிடைக்காது.

சாத்தப்பன் அண்ணன் அவரைப் பார்க்கவேயில்லை. "அம்மா உமையா, இங்குட்டு வா" என்றார். "பொய் சொல்லாமச் சொல்லு. இதை யாரு செஞ்சா? எதுக்குச் செஞ்சாக?"

உமையாள் சாட்சிக் கூண்டில் நிற்பதுபோல நின்று சொன்னாள். அந்த மடத்தில் அந்தக் காலத்தில் மூலிகைத் தோட்டம் இருந்தது. மலையூர், கடும் குளிர், பக்கத்தில் வைத்தியர் கிடையாது. நோயாளிகள் மடத்து வாசலுக்குத்தான் வருவார்கள். வேரையும் விதையையும் தோலையும் தண்ணீரில் ஊற வைத்தால் நாலு நாளில் கெட்டுவிடும். சாராயத்தில் ஊற வைத்தால் வருடக்கணக்கில் கெடாது. அப்படித்தான் ஆரம்பித்தது. வாரக்கணக்கில் ஊற வைத்து, வடிகட்டி, கசப்பு தெரியாமல் இருக்கச் சர்க்கரைப் பாகு கலந்து, மரப் பீப்பாயில் அடைத்து வைப்பார்கள். எது எவ்வளவு என்பது ஒரே சமயத்தில் இரண்டு மூன்று சாமியார்களுக்கு மட்டும்தான் தெரியும். ஒருவர் காலமானால்தான் இன்னொருவருக்குச் சொல்வார்கள்.

"இப்ப எதுக்குக் குடிக்கிறாக?"

உமையாள் என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "வயித்துக்குன்னுதான் சொல்லுவாக மாமா. ஆனா வயிறு நல்லா இருக்கவுகளும் குடிப்பாக."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "வயிரவன் வந்தா, நான் கூட்டத்துக்கு வரலைன்னு போன் பண்ணச் சொல்லு. வயிறு சரியில்லைன்னு சொல்லட்டும். அது பொய்யில்ல."

பாயை விரித்தோம். மேல்துண்டை முகத்தின் மேல் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார்.

அந்த மூன்று மணி நேரம் எதிரிக்கும் வரக் கூடாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அவர் முகத்து மேல்துண்டு மூச்சில் அசைகிறதா என்று குனிந்து பார்த்தேன். என் கணவரின் ரத்த அழுத்தக் கருவியை எடுத்துவந்து அவர் கையில் மாட்டினேன். அது விர்ரென்று சத்தம் போடவும், கையை உதறினார். உயிர் இருக்கிறது என்று தெரிந்து நிம்மதியானேன். வயிரவன் திரும்பி வந்து டீப்பாயைப் பார்த்தான். "இதையா? எவ்வளவு?" என்றான். "நாலு அவுன்சு" என்றேன். வாசற்படியில் போய்த் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி, "அப்பச்சிக்குப் பிடிச்சிருந்துச்சா அத்தை?" என்று கேட்டான். உமையாள் அடுக்களையில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே இருந்தாள். யாரும் உரிக்கச் சொல்லவில்லை. மூன்று மணி நேரத்தில் கால் மூட்டை உரித்திருப்பாள். அழுவதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அந்த வெங்காயத்தை என்ன செய்வதென்று தெரியாமல் நான் சாம்பார் வைத்தேன். இடியாப்பம் பிழிந்தேன். சாப்பிட யாரும் இல்லாத வீட்டில் எட்டுப் பேருக்குச் சமைத்தேன்.

விளக்கேற்றும் நேரத்தில் எழுந்தார். முகம் கழுவினார். நேராகப் பூசை அறைக்குள் போனார். அங்கே பலகையில் புட்டி இருந்த இடத்தில் தூசி படியாத ஒரு சதுரம் இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். விபூதி பூசிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். நாங்கள் ஐந்து பேரும் சுவரோரம் வரிசையாக நின்றோம், சிகப்பி ஆச்சி உட்பட.

"படுத்து ஒரு மணி நேரம் முழிச்சுத்தான் இருந்தேன் ஆச்சி" என்றார். "யோசிச்சுப் பாத்தேன். அது சாராயம்னா, என் ஆயுசு பூரா இருந்த விரதம் இன்னைக்கோட போச்சு. குடிச்சுட்டுச் சொன்ன வாக்கும் வாக்கில்ல. மருந்துன்னா, விரதமும் நிக்கும், வாக்கும் நிக்கும்."

மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நோயாளிக்குன்னு சாமியாருக செஞ்சது. நானும் வயித்துக்குன்னுதான் குடிச்சேன். வயிறும் சரியாச்சு. இப்ப யாரு எதுக்குக் குடிக்கிறாங்கிறது அவுக அவுக பாடு. எனக்கு அது மருந்து."

"அப்ப ரெண்டாவது கிண்ணம்?" என்றார் சிகப்பி ஆச்சி.

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "பால் பணியாரம் ரெண்டு தரம்ல."

பிறகு என் பக்கம் திரும்பினார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "நீங்க சொல்லாம இருந்திருக்கலாம் ஆச்சி. நான் சரின்னு சொன்னப்புறம், பொண்ணப் பெத்தவ வாயத் தொறக்க வேண்டிய அவசியமே இல்ல. இந்த வீட்டைப் பத்தி எனக்குத் தெரிய வேண்டியது தெரிஞ்சு போச்சு. இலையப் போடுங்க. பசிக்கிது."

அவர் கொல்லைப் பக்கம் போய்க் கை கழுவிய சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. நான் அடுப்பு மேடையில் தலையை வைத்து அழுதேன். பதற்றத்தில் சாம்பாரில் உப்புப் போட மறந்திருந்தேன். நான்கு இடியாப்பம் சாப்பிட்டார். உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. கல்லலில் தள்ளிப்போன கூட்டம் அடுத்த வாரமே நடந்தது. அவர்தான் பேசினார். கடையும் வரவில்லை. ஆனால் ஒன்று. 'ஒரு சொட்டும் நாவில் படாதவன்' என்ற வரியை அன்றிலிருந்து அவர் மேடையில் சொல்வதில்லை. வயிரவன்தான் என்னிடம் சொன்னான். தனக்கு அது மருந்துதான் என்று தீர்ப்புச் சொன்னவர், அந்த வரியை மட்டும் எடுத்துவிட்டார்.

மற்றபடி குடும்பத்துக்கு என்னால் ஒரு விளையாட்டு கிடைத்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு வந்து நான் மோர் கொடுத்தால்கூட, சம்பந்தி சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "லேபிளைக் காட்டுங்க ஆச்சி" என்பார். மிச்சமிருந்த புட்டி என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. சிகப்பி ஆச்சியின் முழங்கால் மட்டும் கொஞ்ச நாள் வலியில்லாமல் இருந்தது.

போன வாரம் கல்லலில் சம்பந்தி வீட்டில் விருந்து. எழுந்திருக்கும்போது எனக்கு வயிறு கல்லாக இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை, முகம் காட்டிக்கொடுத்திருக்கும். சிகப்பி ஆச்சி உள்ளே போய் ஒரு வெள்ளிக் கிண்ணத்தோடு வந்தார். சம்பந்தி செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்:

"கிழக்க பாத்துக் குடிக்கச் சொல்லு."

நான் கிழக்கே திரும்பினேன். மூன்று தடவை முகர்ந்து பார்த்தேன். பிறகு உமையாளிடம் கொடுத்து அவளையும் முகரச் சொன்னேன்.

சுக்குக் கஷாயம்தான்.